படத்தில் எங்கே இடிக்கிறது? ஓவியர்களுக்கு அறிகுறிவாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

வரைந்து முடித்த படத்தைப் பார்த்ததும் ஏதோ இடிக்கிறது என்று தோன்றும். என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உடனே கைக்கு எட்டியதை மாற்ற ஆரம்பிப்போம். கொஞ்சம் கலர் ஏற்றுவோம், கண்ணைப் பெரிதாக்குவோம், பின்னணியில் நாலு இலை சேர்ப்போம். இடிப்பு அப்படியே இருக்கும். கூரை ஒழுகும் வீட்டில் சொட்டு விழும் இடமும் ஓடு உடைந்த இடமும் வேறு வேறு. படத்திலும் அப்படித்தான். வண்ணத்தில் தெரியும் குறை பெரும்பாலும் டோனில், அதாவது ஒரு நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்த்தி என்பதில் பிறந்தது. முகத்தில் தெரிவது தலையின் அளவில் பிறந்தது. முடிப்பில் தெரிவது முதல் சின்ன ஸ்கெட்ச்சிலேயே இருந்திருக்கும். ஆகவே கீழே எந்த அறிகுறிக்கும் ஒரே அணுகுமுறைதான்: குறை தெரியும் கட்டத்திலிருந்து ஒரு படி பின்னால் போய்த் தேடுங்கள்.

ஆரம்பிக்கும் முன்

அண்மையில் வரைந்த பத்துப் பன்னிரண்டு படங்களை ஒரே இடத்தில் பரப்புங்கள். காகிதமென்றால் தரையில், டிஜிட்டலென்றால் ஒரே கேன்வாஸில் சின்னச் சின்னதாக. பாதியில் விட்டவையும் இருக்கட்டும், சொல்லப்போனால் அவைதான் அதிகம் பேசும். யாருக்கும் காட்டாமல் ஒளித்து வைத்தவற்றையும் எடுங்கள். நல்லதாகத் தேர்ந்தெடுத்து வைத்தால் உங்கள் ரசனை தெரியும், உங்கள் பழக்கம் தெரியாது.

ஒரு படத்தில் மட்டும் இருக்கும் குறையைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம், அது அன்றைய நாளின் கோளாறு. நாலைந்து படங்களில் திரும்பத் திரும்ப வருவதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

கண் பழகிப்போயிருக்கும் என்பதால், பார்ப்பதற்கு முன் படத்தை இடவலமாகத் திருப்புங்கள். லியோனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் ஓவியர்களுக்குச் சொன்னதே இதுதான்: படத்தைக் கண்ணாடியில் பார், வேறொருவர் வரைந்ததுபோலத் தெரியும், குறை பிடிபடும். அவ்வப்போது வேலையை விட்டு எழுந்து போய்விட்டு வா என்றும் சொன்னார். டிஜிட்டலில் ஒரு பொத்தானில் வேலை முடிந்தது. காகிதமென்றால் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பின்பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஒரு பக்கமாகச் சரிந்த முகமும், மேலும் கீழுமாக நிற்கும் கண்களும் திருப்பிய நொடியிலேயே குத்தும்.

அறிகுறி: வண்ணமெல்லாம் இருக்கிறது, படம் மட்டும் தட்டையாகக் கிடக்கிறது

இது வந்தால் வண்ணத்தைத் தொடாதீர்கள். படத்தைக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பல மென்பொருள்களில் இருக்கும் 'டீசாச்சுரேட்' கட்டளை கண் உணரும் வெளிச்சத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்கிவிடும். அந்தக் கணக்கில் பளிச்சென்ற மஞ்சளும் முழு நீலமும் ஒரே சாம்பலாக வந்து நிற்கும். கண்ணுக்கோ மஞ்சள் வெள்ளைக்குப் பக்கத்தில், நீலம் கருப்புக்குப் பக்கத்தில். இந்தச் சோதனையை நம்பி டோனைத் திருத்தினால் இருந்ததும் கெட்டுப்போகும். அதற்குப் பதிலாக எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புது லேயர் போட்டு முழுக் கருப்பை நிரப்பி, பிளெண்டிங் மோடை 'கலர்' என்று மாற்றுங்கள். இது பச்சைக்கு ஏறத்தாழ 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்று எடை கொடுக்கும். கண் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட ஒத்து வரும். காகிதத்தில் வரைபவர்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாலே போதும்.

இப்போது என்ன தெரிகிறது? சிவப்புச் சட்டை போட்ட சிறுமி பச்சைச் சுவர் முன்னால் நிற்கிறாள் என்று வையுங்கள். நிறத்தில் இரண்டும் எதிரெதிர், ஒன்றையொன்று பார்த்துக் கத்துகின்றன. கருப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல், சிறுமி சுவருக்குள் போய்விட்டாள். இங்கே சிவப்பை இன்னும் சிவப்பாக்கிப் பயனில்லை. சுவரை வெளிர வைக்க வேண்டும், அல்லது சட்டையை அடர்த்தியாக்க வேண்டும்.

பழக்கமாகவே இந்தக் குறை வருகிறதென்றால் அடுத்த சில படங்களுக்கு, வண்ணம் தொடும் முன் தீப்பெட்டி அளவில் மூன்றே டோனில் ஒரு சின்ன ஸ்கெட்ச் போடுங்கள்: வெளிர், நடுத்தரம், அடர்த்தி. மூன்றும் சம இடம் பிடிக்கக் கூடாது. ஒன்று படத்தின் பெரும்பகுதியை ஆளட்டும், ஒன்று அதற்குத் துணை நிற்கட்டும், மூன்றாவது கொஞ்சமாக இருக்கட்டும். மிக வெளிரும் மிக அடர்த்தியும் நேருக்கு நேர் சந்திக்கும் இடத்துக்குத்தான் கண் முதலில் ஓடும். அந்த இடத்தில் நீங்கள் காட்ட நினைத்தது இருக்கிறதா, இல்லை மூலையில் இருக்கும் நாற்காலிக் கால் இருக்கிறதா என்று பாருங்கள்.

டோன் சரியாக இருந்தும் உருவம் உருண்டு திரண்டு தெரியவில்லையென்றால் நிழலுக்குள் பாருங்கள். பக்கத்துப் பொருள்களில் பட்டுத் திரும்பி நிழல் பக்கத்தில் விழும் எதிரொளியை ஆசைப்பட்டுப் பளிச்சென்று போட்டிருப்போம். அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளிச்சப் பக்கத்தின் மிக மங்கலான இடத்தைவிட ஒரு படி இருட்டாகவே இருக்க வேண்டும். இந்த ஒரு விதி மீறப்பட்டால் சதையெல்லாம் தகரமாகிவிடும்.

அறிகுறி: வண்ணம் சேறாகிவிடுகிறது

வாட்டர்கலரில் முதல் சந்தேகம் நேரத்தின் மேல். முழு ஈரத்தில் வண்ணம் பரவும், முழுதாகக் காய்ந்த பரப்பில் படியும். இரண்டுக்கும் நடுவில், பளபளப்பு மறைந்து ஈரம் மட்டும் மிஞ்சியிருக்கும் வேளையில் பிரஷ் பட்டால் கீழே இருப்பது கலைந்து, ஒழுங்கற்ற விளிம்போடு திட்டு விழும். புறங்கையை மெதுவாகக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. அவசரக்காரர்களுக்கு இரண்டு படங்களை ஒரே நேரத்தில் தொடங்கி மாற்றி மாற்றிச் செய்வது நல்ல மருந்து.

இரண்டாவது சந்தேகம் ட்யூபின் மேல். ட்யூபில் பொடி எழுத்தில் நிறமிக் குறியீடு இருக்கும். அல்ட்ராமரைன் நீலமென்றால் பிபி29. ஒரு குறியீடு இருந்தால் ஒரு நிறமி. மூன்று குறியீடுள்ள பச்சையோடு இரண்டு குறியீடுள்ள ஆரஞ்சைக் கலக்கினால் உண்மையில் ஐந்து நிறமிகளைக் கலக்குகிறீர்கள். சாணி நிறம் வராமல் என்ன செய்யும்? ஒற்றை நிறமி ட்யூப்கள் ஆறேழு போதும், அவற்றுக்குள் எதை எதோடு சேர்த்தால் என்ன வரும் என்று ஒரு கட்டம் போட்ட அட்டவணை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு பார்க்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வாட்டர்கலர் காய்ந்தால் வெளிறும். குவாஷில் (ஒளி ஊடுருவாத வாட்டர்கலரில்) வெளிர் நிறங்கள் சற்று அடர்ந்தும் அடர் நிறங்கள் சற்று வெளிறியும் காயும்.

டிஜிட்டலில் சேறு வருவது வேறு வழியில்: எல்லா நிழலுக்கும் ஒரே சாம்பலை, கீழிருக்கும் நிறத்தை இருட்டாக்கும் 'மல்டிப்ளை' லேயரில் போடுவது. நிழலில் டோன் மட்டும் மாறினால் போதாது, நிறமும் கொஞ்சம் நகர வேண்டும். வெளிச்சம் சூடான நிறமென்றால் நிழலைக் குளிர்ந்த பக்கம் தள்ளுங்கள், வெளிச்சம் குளிர்ந்ததென்றால் நிழலைச் சூடாக்குங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரு நிறம் அழுக்காகத் தெரிகிறதென்றால் அந்த நிறத்தின் மேல் பழி போடாதீர்கள். பாரிஸில் கோபிலன் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரேல், கருப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கருப்பை மங்கலாகக் காட்டின. அதிலிருந்து கிளம்பிய ஆராய்ச்சியை 1839இல் அவர் வெளியிட்டார், அதன் பிறகு பல தலைமுறை ஓவியர்கள் அதைப் படித்தார்கள். ஆகவே அழுக்கான நிறத்தைச் சுற்றி இருப்பதை மாற்றிப் பாருங்கள். மந்தமான சாம்பல்கூட ஆரஞ்சு பக்கத்தில் நீலமாக விழித்துக்கொள்ளும்.

அறிகுறி: ஸ்கெட்ச்சில் இருந்த உயிர் முடித்த படத்தில் இல்லை

நான் அறிந்தவரை வரைபவர்கள் அதிகம் புலம்பும் குறை இதுதான். தவறான இடத்தில் அதிகம் தேடப்படுவதும் இதுதான். புது பிரஷ் வாங்குவார்கள், புது மென்பொருளுக்கு மாறுவார்கள். அடுத்த படமும் அப்படியே செத்துப்போகும்.

உயிர் எந்தக் கட்டத்தில் போனது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த படத்தில் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்: முதல் சின்ன ஸ்கெட்ச், பெரிய ரஃப், சுத்தக் கோடு, அடிப்படை வண்ணம், முடிப்பு. கடைசியில் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதிலிருந்து எதற்குப் போகும்போது படம் சுருண்டது என்று பாருங்கள். பெரும்பாலோருக்கு ரஃபிலிருந்து சுத்தக் கோட்டுக்குப் போகும் தாவல்தான் பதில்.

ஏன் அங்கே? ரஃபில் ஒரே தோளுக்கு மூன்று நாலு கோடு கிடக்கும். பார்ப்பவரின் கண் அவற்றிலிருந்து தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும். சுத்தம் செய்யும்போது நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், பயந்துகொண்டே நடுக்கோட்டைத் தேர்ந்தெடுப்பீர்கள். அப்புறம், ரஃபில் கோடு தோளிலிருந்து வந்தது, இப்போது மணிக்கட்டிலிருந்து ஊர்கிறது. மூன்றாவது விஷயம் கண்ணுக்கே தெரியாமல் நடக்கும்: சாய்வுகள் குறையும். ரஃபில் ஒரு பக்கம் இறங்கியிருந்த தோள் கொஞ்சம் நிமிரும், சாய்ந்த தலை கொஞ்சம் நேராகும், வளைந்த முதுகு கொஞ்சம் நிமிரும். ஒவ்வொன்றும் துளிதான். மொத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆள் நின்றுவிடுவார்.

சோதிக்க, ரஃபைப் பாதி ஒளிபுகும்படி சுத்தக் கோட்டின் மேல் வையுங்கள். காகிதமென்றால் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பாருங்கள். மூன்று இடங்களை மட்டும் ஒப்பிடுங்கள். ஒன்று, தோள் கோடும் இடுப்புக் கோடும் எவ்வளவு எதிரெதிராகச் சாய்ந்திருக்கின்றன. இரண்டு, முதுகின் வளைவு. மூன்று, கைக்கும் உடம்புக்கும் இடையில் விழும் வெற்றிடத்தின் வடிவம். மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. ரஃபில் அது கூர்மையான முக்கோணமாக இருந்து சுத்தக் கோட்டில் மழுங்கிய கீற்றாகியிருந்தால், குற்றவாளி கிடைத்துவிட்டான்.

சரி, என்ன செய்வது? ரஃபின் மேல் அச்செடுப்பதுபோல வரையாதீர்கள். ரஃபைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து, புதிதாக வரையுங்கள். முதலில் அளவு தவறும், பரவாயில்லை. அச்செடுத்தே ஆக வேண்டிய வேலையென்றால், சாய்வுகள் எப்படியும் குறையும் என்று தெரிந்து ரஃபிலேயே ஒரு படி கூட்டி வரைந்து வையுங்கள். கோடு இழுக்கும் முன் பேனா படாமல் காற்றில் அதே பாதையில் ஒன்றிரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு இழுங்கள். கை எந்தத் திசையில் இயல்பாக ஓடுகிறதோ அதற்கேற்பக் காகிதத்தைத் திருப்புங்கள், கையை முறுக்காதீர்கள். டேப்லெட்டில் கோட்டை மென்மையாக்கும் 'ஸ்டெபிலைசர்' அதிகமாக இருந்தால் கோட்டின் குணமே போய்விடும், நடுக்கம் போகும் அளவுக்கு மட்டும் வையுங்கள்.

ஜூமையும் கவனியுங்கள். முந்நூறு சதவீதத்தில் வரைந்தால் நீங்கள் வரைவது இமை முடி, முகம் இல்லை. முழுப்படமும் சின்னதாகத் தெரியும் இன்னொரு ஜன்னலை எப்போதும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு ஒரே தடிமனாக இருந்தால் கம்பியில் வளைத்த உருவம்போல ஆகும். பாரம் இறங்கும் இடத்திலும், இரண்டு பொருள்கள் தொடும் இடத்திலும், நிழல் பக்கத்திலும் கோடு தடிக்கட்டும். வெளிச்சம் படும் பக்கத்தில் மெலிந்து, சில இடங்களில் காணாமலே போகட்டும்.

உயிர் கோட்டில் போகாமல் வண்ணத்தில் போயிருந்தால் விளிம்புகளைப் பாருங்கள். எல்லா விளிம்பும் கத்தரித்து ஒட்டியதுபோலக் கூர்மையாக இருக்கும். நிழலும் நிழலும் சேரும் இடங்களில் விளிம்பைக் கரைத்துவிடுங்கள். உயிர் கடைசி முடிப்பில்தான் போனது என்றால், முடித்தது அதிகம் என்று பொருள். செருப்பு வாருக்கும் முகத்துக்கும் ஒரே அக்கறை காட்டியிருப்பீர்கள்.

என் அபிப்பிராயத்தில் சில படங்களுக்கு ரஃபே முடிவு. அதைச் சுத்தம் செய்வது படத்துக்காக இல்லை, 'உழைத்திருக்கிறார்' என்று பார்ப்பவர் சொல்ல வேண்டும் என்பதற்காக.

அறிகுறி: முகம் நன்றாக வருகிறது, உடம்பு மரமாக நிற்கிறது

கண்ணிலிருந்து வரைய ஆரம்பிப்பவர்களுக்கு வருவது. கண் அழகாக வந்துவிட்டால் அதைக் கெடுக்க மனம் வராது, மீதி உடம்பு அந்தக் கண்ணுக்குத் தகுந்தாற்போல ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். சில வாரங்களுக்குத் தலையைக் கடைசியில் வரையுங்கள். ஒரு போஸுக்கு முப்பது விநாடி முதல் இரண்டு நிமிடம் வரை, முதலில் முதுகெலும்பின் ஓட்டம், பிறகு இடுப்பு, தோள், பாரம் தாங்கும் கால். ஆள் ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்றால் கழுத்துக் குழியிலிருந்து நேர் கீழே இழுக்கும் கோடு அந்தக் காலின் பாதத்தில் விழ வேண்டும். விழவில்லையென்றால் ஆள் எதிலாவது சாய்ந்திருக்க வேண்டும், அல்லது விழுந்துகொண்டிருக்க வேண்டும்.

முகத்திலேயே குறையென்றால் தலையின் அளவைப் பாருங்கள். கண்கள் உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் சரியாக நடுவில் இருக்கும். பலரும் மேலே தூக்கி வைத்துவிடுவார்கள், நெற்றி சுருங்கி மண்டையின் மேல்பகுதி காணாமல் போகும். நிற்கும் பெரியவருக்கு ஏழு அல்லது ஏழரைத் தலை உயரம், ஒரு வயதுக் குழந்தைக்கு ஏறத்தாழ நாலு. பெரியவரைச் சின்னதாக்கி வரைந்தால் குழந்தை வராது, குள்ளமான பெரியவர்தான் வருவார்.

பரப்பி வைத்த படங்களில் கைகளை எண்ணுங்கள். எத்தனை கை பாக்கெட்டுக்குள், எத்தனை முதுகுக்குப் பின்னால், எத்தனை புதருக்குப் பின்னால்? சிரிப்பு வந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். கை ஏறக்குறைய முகத்தின் நீளம், முகவாயிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை. முதலில் உள்ளங்கையை ஒரு தட்டையான பெட்டியாகப் போடுங்கள், நாலு விரலையும் சேர்த்து ஒரே உறையாக வரையுங்கள், கட்டைவிரலைத் தனியாக ஒட்டுங்கள். பிரிப்பது கடைசியில். விரல் கணுக்கள் நேர்கோட்டில் நிற்பதில்லை, வளைவுகளில் நிற்கும். புறங்கைப் பக்கம் விரல் நீளமாகவும் உள்ளங்கைப் பக்கம் குட்டையாகவும் தெரியும், ஏனென்றால் விரலிடுக்குச் சதை உள்ளங்கைப் பக்கம் மேலே வரை ஏறியிருக்கிறது. உங்கள் கையையே இப்போது திருப்பிப் பாருங்கள்.

அறிகுறி: ஆட்கள் தரையில் நிற்காமல் மிதக்கிறார்கள்

பின்னணியைக் கடைசியில் ஒட்டியிருப்பீர்கள். தொடுவானக் கோட்டை முதலில் போடுங்கள், அது பார்ப்பவரின் கண் உயரம். சமதரையில் ஒரே உயரமுள்ள இருவர் நின்றால், அருகில் இருப்பவரையும் தொலைவில் இருப்பவரையும் அந்தக் கோடு உடம்பின் ஒரே இடத்தில் வெட்டும். முன்னால் நிற்பவருக்கு மார்பில் வெட்டினால் பின்னால் நிற்பவருக்கும் மார்பில்தான். இதை மட்டும் சரிசெய்தாலே பாதி மிதப்பு நின்றுவிடும். மீதிக்குப் பாதத்தின் அடியில் ஒரு மெல்லிய அடர் நிழல் போதும். கட்டடம் கோணலாக இழுத்துக்கொண்டு நிற்கிறதென்றால் இரண்டு மறைபுள்ளிகளும் (சுவர்க் கோடுகள் தொலைவில் போய்ச் சேரும் புள்ளிகள்) மிக அருகருகே இருக்கின்றன. காகிதத்துக்கு வெளியே தள்ளுங்கள்.

அறிகுறி: படம் அழகு, ஆனால் கதை சொல்லவில்லை

கதைக்கோ கட்டுரைக்கோ வரையும்போது பெயர்ச்சொற்களை வரைந்துவிட்டு வினைச்சொல்லை விட்டுவிடுவது. 'மழைக்கு முன் வீட்டுக்கு ஓடுகிறான்' என்ற வரிக்கு ஒரு பையன், ஒரு வீடு, ஒரு மேகம் என மூன்றும் படத்தில் இருக்கும், ஓட்டம் இருக்காது. உருவத்தை முழுக் கருப்பாக நிரப்பிப் பாருங்கள். அந்த நிழலுருவமே என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். விகடனில் கோபுலு வரைந்த வசனமில்லாத நகைச்சுவைச் சித்திரங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு வார்த்தை இல்லாமல் ஆள் நிற்கிற விதத்திலேயே முழுச் சங்கதியும் இருக்கும். நிகழ்வின் உச்சத்தை விட்டு அதற்கு ஒரு கணம் முன்போ பின்போ இருப்பதை வரைந்து பார்ப்பதும் பல நேரம் வேலை செய்யும். தட்டு உடைவதைவிட விளிம்பில் ஆடும் தட்டுக்குப் பதற்றம் அதிகம்.

அறிகுறி: 'எனக்கென்று பாணி இல்லை' அல்லது 'எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கிறது'

இரண்டும் எதிரெதிராகத் தோன்றினாலும் ஒரே ஆள் ஒரே வாரத்தில் இரண்டையும் சொல்வதைக் கேட்கலாம். இரண்டுக்கும் சோதனை ஒன்றே. பரப்பிய படங்கள் ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள்: முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, பார்வைக் கோணம் என்ன, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எந்த மூன்று நிறம் திரும்பத் திரும்ப, ஆள் கட்டத்துக்குள் எங்கே நிற்கிறார். வலது கைக்காரர்கள் பலருக்கு இடப்பக்கம் பார்க்கும் முகம் சுலபமாக வரும், ஆகவே அதையே வரைந்துகொண்டிருப்பார்கள். கோணம் எப்போதும் கண் உயரத்தில், முகம் எப்போதும் முக்கால் திருப்பம்.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'பிடித்துச் செய்தது' அல்லது 'வேறு தெரியாததால் செய்தது' என்று குறியுங்கள். முதல் வகைதான் உங்கள் பாணி. அது ஏற்கெனவே இருக்கிறது, தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை. இரண்டாம் வகையில் ஒன்றை மட்டும் எடுத்து அடுத்த படத்தில் தடை செய்யுங்கள். மேலிருந்து பார்க்கும் கோணம் மட்டும், அல்லது இரண்டே நிறம் மட்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

பிறர் படத்தைப் பார்த்து வரைவது பாணியைக் கெடுக்கும் என்று ஒரு பயம் இருக்கிறது. வான் கோ 1889, 90 ஆண்டுகளில் செயின்ட் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது மில்லேயின் படங்களைப் பார்த்து ஏறத்தாழ இருபது ஓவியங்கள் வரைந்தார். அவர் முன்னால் இருந்தவை பெரும்பாலும் கருப்பு வெள்ளை அச்சுப் படங்கள், வண்ணத்தைத் தானே யோசித்தார். பாணி கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. கூர்ந்து கவனித்தால் வழி அங்கேயே இருக்கிறது: ஒருவரிடமிருந்து ஒரு அம்சத்தை எடுங்கள், மீதியை நீங்கள் முடிவு செய்யும்படி விட்டுவிடுங்கள். பயிற்சிக்கு வரைந்ததைச் சொந்தப் படமாகக் காட்டாதவரை இதில் தப்பில்லை.

அறிகுறி: திரையில் பளிச், அச்சில் மங்கல்

இது கலைக்குறை இல்லை, வெறும் கணக்கு. திரையில் ஒளிரும் பச்சையும் மின்னும் நீலமும் அச்சுக்கான சிஎம்ஒய்கே என்ற நாலு நிற மையில் கிடைக்காது. அச்சகத்தின் கலர் புரொஃபைலை (அவர்கள் அச்சில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பை) கேட்டு வாங்கி, வரையும்போதே அதில் முன்னோட்டம் பாருங்கள். திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். ஏ4 அளவுக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமென்றால் 2480க்கு 3508 பிக்சல். தொடங்கும்போதே வையுங்கள், பின்னால் பெரிதாக்கினால் விவரம் வராது.

அறிகுறி: எந்தப் படமும் முடிவதில்லை

எல்லாம் ஒரே கட்டத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஸ்கெட்ச்சோடு நின்றால் அடுத்த கட்டத்தில் உங்களுக்குத் தெரியாத ஒன்று காத்திருக்கிறது, பெரும்பாலும் வண்ணம். அதை மட்டும் உள்ளங்கை அளவுப் படங்களில் தனியாகப் பழகுங்கள். முக்கால்வாசி முடிந்து நின்றால் முடிப்பது எப்படியிருக்கும் என்று முன்பே முடிவு செய்யவில்லை. தொடங்கும் முன்பே 'முகத்தில் மட்டும் விவரம், மற்றதெல்லாம் தட்டை நிறம்' என்று ஒரு வரி எழுதி ஓரத்தில் ஒட்டுங்கள். ஒரே ஒரு இடத்தைத் தொண்ணூற்றொன்பது தடவை திருத்திக்கொண்டே நின்றால் அந்தப் படம் முடிந்து வெகு நேரமாகிவிட்டது.

அறிகுறி: பயிற்சி செய்கிறேன், முன்னேற்றமே தெரியவில்லை

கையைவிடக் கண் சீக்கிரம் வளரும். போன வருடம் தெரியாத குறை இந்த வருடம் தெரிகிறது, அதனால் படம் மோசமாகிவிட்டதாகத் தோன்றுகிறது. பழைய படம் ஒன்றை எடுத்து, அதைப் பார்க்காமல் அதே கருவை மறுபடி வரைந்துவிட்டுப் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் இருந்தால் நிம்மதி. நிஜமாகவே இல்லையென்றால் பயிற்சியைப் பாருங்கள். பெரும்பாலும் நன்றாக வருவதையே திரும்பத் திரும்ப வரைந்திருப்பீர்கள். நோட்டுப் புத்தகம் நிறைந்திருக்கும், எல்லாப் பக்கத்திலும் முக்கால் திருப்ப முகம்.

மேலே உள்ள அறிகுறிகளில் உங்களுக்கு அதிகம் பொருந்திய ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரு மாதம் அதற்குக் கொடுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் இரண்டு வரி: எதை முயன்றேன், எங்கே நழுவியது. 'நன்றாக வரவில்லை' என்று எழுதினால் செல்லாது. 'இடது தோள் ரஃபைவிட நிமிர்ந்துவிட்டது' என்று எழுதினால்தான் அடுத்த படத்துக்கு உதவும்.

மற்றவர்களிடம் காட்டும்போது 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள். 'சூப்பர்' என்ற பதில்தான் வரும். படத்தை மூன்று விநாடி காட்டிவிட்டு மூடி, 'முதலில் எதைப் பார்த்தீர்கள்? என்ன நடக்கிறது?' என்று கேளுங்கள். வரையத் தெரியாதவர்களிடமும் கேட்கலாம், அவர்கள் பதில்தான் இன்னும் நேர்மையாக இருக்கும். நாலு பேர் கதவைப் பார்த்தேன் என்று சொல்லி, நீங்கள் காட்ட நினைத்தது பாட்டியை என்றால் முதல் அறிகுறிக்கே திரும்பிப் போங்கள்.

அறிகுறி: கை வலிக்கிறது

இதைப் படத்தின் குறையோடு சேர்த்துச் சொல்லக் காரணம், வலிக்கும் கை கோட்டைச் சுருக்கும் என்பதுதான். பேனாவை விரல் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பிடிக்கிறீர்களா என்று பாருங்கள். டேப்லெட்டில் அழுத்த அளவை மென்மையாக்கினால் குறைந்த அழுத்தத்திலேயே தடித்த கோடு வரும். பலகையைச் சாய்த்து வையுங்கள், நீண்ட கோடுகளைத் தோளிலிருந்து இழுங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையை உதறுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவதும் ராத்திரியில் அந்த மரமரப்பால் விழிப்பு வருவதும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதன் அறிகுறிகளாக இருக்கலாம். அதற்கு இந்த வழிமுறையில் மருந்து இல்லை, வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.